அந்த ஐம்பது யுவான்

எங்கள் ஊர் நூலக மாடியில் மாதம் ஒருமுறை படம் போடுவார்கள். 2019இல் ஆசிரியர் தினத்தை ஒட்டி, சீன இயக்குநர் ஜாங் யீமோவின் 'நாட் ஒன் லெஸ்' திரையிட்டார்கள். 'ஒருவர்கூடக் குறையக் கூடாது' என்பது அதன் சீனத் தலைப்பின் பொருள். 1999இல் வெளிவந்து, வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய படம். முடிந்து விளக்கைப் போட்டதும், முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பதிமூணு வயசுப் பொண்ணு. அதுக்கு இருக்கற அர்ப்பணிப்புல பத்துல ஒரு பங்கு நம்ம டீச்சருங்களுக்கு இருந்தாப் போதும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தருவதாகச் சொன்ன ஐம்பது யுவான் என்ன ஆனது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

படத்தைப் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஷுய்ச்சுவான் என்ற மலைக்கிராமத்தில் ஒரே ஒரு பள்ளி, ஒரே ஒரு ஆசிரியர். அவருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ஒரு மாதம் ஊருக்குப் போயாக வேண்டும். ஊர்த் தலைவர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வெய் மின்ஸி என்ற பதிமூன்று வயதுச் சிறுமியைப் பதிலுக்குக் கூட்டிவருகிறார். வேறு யாரும் அந்த ஊருக்கு வரச் சம்மதிக்கவில்லை. வெய்க்குப் பாடம் தெரியாது. ஒரு பாட்டுத் தெரியும், அதுவும் அரைகுறை. ஆசிரியர் 26 சாக்பீஸை எண்ணிக் கொடுக்கிறார், நாளுக்கு ஒன்று. ஏற்கெனவே நாற்பதாக இருந்த பிள்ளைகள் இருபத்தெட்டாகிவிட்டார்கள், இனி ஒருவர்கூடக் குறையக் கூடாது, குறையாமல் பார்த்துக்கொண்டால் ஐம்பது யுவானுக்கு மேல் பத்து யுவான் தருகிறேன் என்கிறார். அவருக்கே ஆறு மாதச் சம்பளம் பாக்கி. அவர் கிளம்பும்போது வெய், என் பணம் என்னாச்சு என்று வண்டியின் பின்னாலேயே ஓடுகிறாள்.

பிறகு ஒரு பையன், ஜாங் ஹுய்க்கே, வகுப்பிலேயே பெரிய வம்புக்காரன், வீட்டுக் கடனை அடைக்க நகரத்துக்கு வேலை தேடிப் போய்விடுகிறான். அவனைத் திரும்பக் கூட்டிவர வெய் கிளம்புகிறாள். பேருந்துக்குக் காசில்லை. நகரத்தில் அலைந்து, தெருவில் தூங்கி, தொலைக்காட்சி நிலைய வாசலில் காத்துக்கிடந்து, கடைசியில் கேமரா முன் உட்காருகிறாள். கேள்விக்குப் பதில் வரவில்லை. அழுகைதான் வருகிறது. பையன் கிடைக்கிறான். தொலைக்காட்சிக்காரர்கள் வண்டி நிறைய நன்கொடையும் வண்ண வண்ணச் சாக்பீஸும் ஏற்றி இருவரையும் ஊருக்குக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

பணத்துக்காக வந்தவள், அன்பால் ஆசிரியை ஆகிறாள். படத்தைப் பற்றி நான் படித்தவர்கள் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். தலைமையாசிரியர் அழுததும் இதற்குத்தான். எனக்கு இந்த வாசிப்பில் நம்பிக்கை இல்லை. சொல்லப்போனால், படத்தின் முதல் பாதியே இந்த வாசிப்பை ஏற்காது.

முதல் பாதியில் எல்லாமே கணக்கு. எத்தனை சாக்பீஸ், எத்தனை பிள்ளை, எத்தனை யுவான். ஓட்டத்தில் கெட்டிக்காரியான ஒரு சிறுமியை விளையாட்டுப் பள்ளிக்கு அழைத்துப் போக ஆள் வந்தபோது, வெய் அவளை ஒளித்து வைக்கிறாள். அந்தக் குழந்தைக்கு அது நல்ல வாய்ப்புத்தான். ஆனால் ஒருவர் குறைந்துவிடுமே. இதைப் பார்த்துச் சிரித்தோம். ஒப்பந்தத்தில் 'குறையக் கூடாது' என்று எழுதியிருந்தால், அதைச் செய்பவள் குறையாமல்தான் பார்த்துக்கொள்வாள். தேர்ச்சி விகிதத்தை வைத்து அடுத்த வருடம் கூப்பிடுவார்களா என்று தெரிந்துகொள்ளும் எந்தத் தற்காலிக ஆசிரியைக்கும் அந்த ஒளித்துவைத்தல் புரியும். மெதுவாகப் படிக்கும் பிள்ளையைப் பத்தாம் வகுப்புக்கு முன்னாலேயே வேறு பள்ளிக்குத் தள்ளிவிடு என்று என்னிடமே ஜாடையாகச் சொன்னவர்கள் உண்டு. எண்ணிக்கையைக் காப்பாற்றச் சொன்னால் எண்ணிக்கை மட்டும்தான் காப்பாற்றப்படும்.

படத்தின் மிகச் சிறந்த காட்சியும் கணக்கில்தான் இருக்கிறது. பேருந்துக் கட்டணத்துக்கு வழி தேடி, பிள்ளைகளும் வெய்யும் செங்கல் சூளைக்குப் போகிறார்கள். ஒரு செங்கலைத் தூக்கி வைத்தால் இவ்வளவு காசு. அப்படியானால் எத்தனை செங்கல் தூக்க வேண்டும்? போய்வர எவ்வளவு ஆகும்? இரண்டு பேர் திரும்பி வருவதற்கு? கரும்பலகையில் பெருக்கலும் வகுத்தலும் நிறைகின்றன. அதுவரை சும்மா எழுதிப்போட்டுவிட்டு வாசலில் காவல் உட்கார்ந்திருந்தவள், முதன்முதலாக அப்போதுதான் பாடம் நடத்துகிறாள். ஊர்த் தலைவர் ஜன்னல் வழியாகப் பார்த்து வியந்துபோகிறார். நான் கணக்கு டீச்சர். இதைவிட நல்ல கணக்கு வகுப்பைச் சினிமாவில் பார்த்ததில்லை. அன்பு வந்து அவளை ஆசிரியை ஆக்கவில்லை. தேவையும், காசும், சேர்ந்து செய்த வேலையும் ஆக்கின. மீந்த காசில் இரண்டு டின் கோக் வாங்கி வகுப்பே ஆளுக்கொரு வாய் குடிக்கிறது. (அந்தக் கோக் விளம்பரமா விமர்சனமா என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது கூலி கிடைத்த நாளின் டீக்கடை போலத்தான் இருந்தது.)

இரண்டாம் பாதியில் ஜாங் யீமோ கணக்கைக் கைவிட்டுவிடுகிறார். கேமரா முன்னால் வெய் அழத் தொடங்கிய கணத்திலிருந்து, கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் அந்தக் கண்ணீரில் கரைந்துபோகிறது. ஆறு மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தது யார்? பதிமூன்று வயதுக் குழந்தையை வேலைக்கு வைத்தது எப்படிச் சரியாகும்? இதையெல்லாம் நிகழ்ச்சித் தொகுப்பாளர் கேட்கவில்லை, படமும் கேட்கவில்லை. இறுதி எழுத்துகளில் பையனின் கடன் அடைந்தது, ஓட்டக்காரச் சிறுமி விளையாட்டுப் பள்ளிக்குப் போனாள், கிராமத்துக்குப் புதுப் பள்ளி வந்தது, வெய் தன் ஊருக்குத் திரும்பினாள் என்று வருகிறது. இரண்டு முறை பார்த்துவிட்டேன். அவள் கையில் ஐம்பது யுவானைக் கொடுக்கிற காட்சி எதையும் நான் காணவில்லை.

இதே இயக்குநர் 1992இல் எடுத்த 'தி ஸ்டோரி ஆஃப் சியூ ஜூ'வில் பிடிவாதக்காரியான இன்னொரு கிராமத்துப் பெண் வருவாள். கணவனை உதைத்த ஊர்த் தலைவர் நஷ்டஈட்டுப் பணத்தைத் தரையில் வீசுகிறார். நிறைமாதத்தை நெருங்கும் சியூ ஜூ அதைக் குனிந்து எடுக்க மறுக்கிறாள். அவளுக்கு வேண்டியது மன்னிப்பு. பணத்தை மறுப்பவளைக் கொண்டாடுவது சுலபம். பணத்தைக் கேட்டு வண்டியின் பின்னால் ஓடும் பெண்ணை என்ன செய்வதென்று படைப்பாளிக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. எனவே அவளை அழவைத்து, பணத்தைவிட மேலான ஒன்றுக்கு உயர்த்திவிடுகிறோம். 1999இல் கான் விழாவுக்காரர்கள் இந்தப் படத்தை அரசுப் பிரச்சாரமாகப் பார்த்தார்கள் என்பதால் ஜாங் யீமோ விழாவிலிருந்தே விலகிக்கொண்டார். பிரச்சாரமா இல்லையா என்ற அந்தச் சண்டையில் ஒரு பதிலி ஆசிரியையின் கூலி இரண்டு தரப்புக்கும் பொருட்டாக இல்லை. படம் வந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 2006இல், நாட்டில் இருந்த சுமார் 4,48,000 பதிலி ஆசிரியர்களை அப்புறப்படுத்தப்போவதாகச் சீனக் கல்வித்துறை அறிவித்தது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். நானும் வெய்தான், இரண்டு மடங்கு வயதில்.

2013இல் வட மாவட்டச் சிறுநகரம் ஒன்றின் அரசுப் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். அப்போது விடுப்பு ஆறு மாதம். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாக என்னைப் போட்டார்கள். பள்ளிக்கூட வழக்கில் நான் பி.டி.ஏ. டீச்சர். மாதம் நான்காயிரம். எட்டு, ஒன்பது, பத்து மூன்றுக்கும் கணக்கு. யாராவது வரவில்லையென்றால் அந்த சப்ஸ்டிடியூஷன் பீரியடும் முதலில் எனக்குத்தான் வரும்: பதிலியைப் போல் பதிலாகப் போக உகந்தவர் யார்? மற்றவர்கள் கையெழுத்திடும் வருகைப் பதிவேட்டில் நான் கையெழுத்திடக் கூடாது. எனக்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்று, அட்டையில் பெயர்கூட இல்லாமல், அதே மேசையில் கீழே இருக்கும். பிள்ளைகள் மட்டும்தான் 'கணக்கு மிஸ்' என்றார்கள். ஸ்டாஃப் ரூமில் நான் "அவங்களுக்குப் பதிலா வந்த பொண்ணு".

சம்பளத்தைப் பள்ளியில் தர மாட்டார்கள். கழகத்தின் பொருளாளர் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடைக்குப் போய் நிற்க வேண்டும். ஆணி, பெயின்ட், பி.வி.சி. பைப் என்று வாடிக்கையாளர்கள் போகும்வரை சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே நிற்பேன். அவர் கெட்டவர் இல்லை. கவரை நீட்டும்போது, "என்ன இருந்தாலும் பொண்ணுங்களுக்குப் படிப்புச் சொல்லித் தர்றது புண்ணியம்ல டீச்சரம்மா" என்பார். அந்தக் கடையில் புண்ணியத்துக்காக ஒரு கிலோ ஆணிகூடக் கொடுக்க மாட்டார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, சிரித்துவிட்டு வருவேன். அந்தச் சிரிப்பும் வேலையில் சேர்ந்ததுதான்.

விடுப்பில் இருந்த டீச்சர் வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்வார். "இயற்கணிதம் முடிச்சிட்டியாம்மா? அரையாண்டுக்குள்ள வடிவியல் வந்துடணும், இல்லன்னா ரிசல்ட் என் தலையில விழும்." பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்கும். அவருக்கும் அது விடுப்பாக இல்லை. வயிற்றில் தையலோடு ரிசல்ட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி. எனக்கும் அவருக்கும் தனிப்பட்ட முறையில் எந்தப் பகையும் இல்லை. அதனால்தான் அடுத்து சொல்லப்போவதை எழுதத் தயக்கமாக இருக்கிறது.

டிசம்பர் கடைசியில் அவருடைய குழந்தைக்கு உடம்பு சரியில்லை. மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். விடுப்பைப் பதினைந்து நாள் நீட்டிக்கிறார் என்று தலைமையாசிரியை மேடம் கூப்பிட்டுச் சொன்னார். "ஐயோ பாவம்" என்று வாய் சொன்னது. மனது, பதினைந்து நாளென்றால் இரண்டாயிரம் ரூபாய் என்று சொன்னது. வகுப்புக்கு நடந்து போகிற வராண்டாவில் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. ஒரு கைக்குழந்தையின் காய்ச்சலில் சந்தோஷப்பட்டவள் நான். இதைப் பல வருடம் என் குணக்கேடு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணின் துன்பம் இன்னொரு பெண்ணின் வருமானமாக மாறும்படி இந்த ஏற்பாட்டைச் செய்தது யார் என்று கேட்க எனக்கு நாளாயிற்று.

பிரசவ விடுப்பு யாரும் சும்மா தூக்கிக் கொடுத்ததல்ல. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2011இல் ஆறு மாதம், 2016இல் ஒன்பது மாதம், 2021இல் பன்னிரண்டு மாதம் என்று வளர்ந்தது. நல்லது, இன்னும் வேண்டும். ஆனால் அந்தப் பன்னிரண்டு மாதமும் வகுப்பறையில் யாரோ நின்றாக வேண்டும். நிற்பவள் பெரும்பாலும் இன்னொரு பெண். அவளுக்கு அந்த விடுப்பின் நிழல்கூடக் கிடையாது. 2015இல் நானும் கர்ப்பமானேன். அப்போது ஒரு தனியார் பள்ளியில், அங்கும் ஒருவருடைய விடுப்புக்குப் பதிலாக. நான்காம் மாதம் சொன்னேன். "உடம்பைப் பாத்துக்கோங்க மிஸ், அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று பழச்சாறு கொடுத்து அனுப்பினார்கள். பதிலிக்குப் பதிலி கிடையாது; அவள் இடம் அவளோடு மறைந்துவிடும். இத்தனைக்கும் தில்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்கள் வழக்கில், நிரந்தரம் இல்லாத தொழிலாளிக்கும் பேறுகாலப் பலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000த்திலேயே சொல்லிவிட்டது. ஒரே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு நிரந்தர ஊழியரின் குறைந்தபட்ச ஊதிய அளவாவது தர வேண்டும் என்று 2016இல், பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில் சொன்னது. இரண்டு தீர்ப்பும் அந்தப் பழச்சாறு டம்ளருக்குள் இல்லை.

நான் வேலை பார்த்தபிறகு நிலைமை பெயர் மாறியது. 2022 ஜூனில் அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிகமாக நிரப்ப அறிவிப்பு வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000. பின்னர் இது உயர்த்தப்பட்டது என்றாலும், முதலில் மனதில் தோன்றிய தொகையில்தான் மதிப்பீடு தெரிகிறது. 7,500ஐ 26 நாளால் வகுத்தால் நாளுக்கு 288 ரூபாய். அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 281 ரூபாய். ஏரிக்கரையில் மண் சுமப்பவர்களைத் தாழ்த்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்களுக்கும் 281 போதாது. இரண்டு இடத்திலும் வரிசையில் நிற்பவர்களில் பெண்கள்தான் அதிகம் என்பதைப் பார்க்கச் சொல்கிறேன். இதற்கும் முன், 2012இல், ஓவியம், தையல், உடற்கல்வி, கணினி சொல்லித்தர 16,549 பகுதி நேர ஆசிரியர்களை ஐயாயிரம் ரூபாய்க்கு எடுத்தார்கள். அப்போது அவர்களுக்கு மே மாதத்தில் சம்பளம் கிடையாது என்று வைத்திருந்தார்கள். மே மாதத்தில் பசிக்காது போலும்.

நம்முடைய சினிமாவில் இவர்களுக்கு இடமில்லை. 'சாட்டை'யில் இடமாறுதலில் வருகிற ஆசிரியர் பள்ளியையே திருத்துகிறார். 'ராட்சசி'யில் ஒரு பெண் வருகிறார், மகிழ்ச்சிதான், ஆனால் தலைமையாசிரியையாக வருகிறார். அதிகாரத்தோடு வருகிறவருக்குத் துணிச்சல் காட்ட மேசை இருக்கிறது. 'வாத்தி'யில் தனியார் நிறுவனத்தின் கீழ்ப்படியில் இருப்பவர் வந்தாலும், அவர் தனுஷ். இந்தியில் 'ஹிச்கி' (2018) இந்த விஷயத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது: ராணி முகர்ஜி நடுவருடத்தில் தற்காலிகமாகச் சேர்கிறார். ஆனால் கடைசியில் அதே பள்ளியின் முதல்வராக ஓய்வுபெறுகிறார். தற்காலிகம் என்பது ஏணியின் முதல் படி என்ற பொய்யை இவ்வளவு அழகாக யாரும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்த பி.டி.ஏ. டீச்சர்கள் பத்து வருடத்துக்குப் பிறகும் பி.டி.ஏ. டீச்சர்கள்தான், இடையில் கழகத்தின் பொருளாளர் மட்டும் மாறியிருப்பார். இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால், குறைகளோடும் 'நாட் ஒன் லெஸ்' நேர்மையான படம். குறைந்தபட்சம் அவள் காசு கேட்டாள் என்பதைப் பதிவு செய்திருக்கிறது.

பிள்ளைகள் மீது எனக்கு அன்பே இல்லை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஜனவரியில் அந்த டீச்சர் திரும்பி வந்த நாள், பத்தாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "மிஸ், இனிமே நீங்க யாருக்குப் பதிலாப் போவீங்க?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். இன்றைக்கும் அந்த முகம் நினைவிருக்கிறது. அந்த வகுப்பின் கணக்குத் தேர்வு முடிவை மே மாதம் யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அன்பு இருந்தது. அந்த அன்பைக் காட்டித்தான் கடைசிப் பதினைந்து நாள் சம்பளத்தைத் தராமல் விட்டார்கள். அந்த இரண்டாயிரத்துக்கு மூன்று முறை கடைக்குப் போனேன். மூன்றாம் முறை பொருளாளர், "ஸ்கூலுக்கு நீங்க செஞ்சதா இருக்கட்டுமே" என்றார். நான்காம் முறை போகவில்லை. வெய் ஓடிய அளவுக்கு நான் ஓடவில்லை.

நூலக மாடியில் அன்று எழுந்து, அந்த ஐம்பது யுவான் என்ன ஆயிற்று என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். தலைமையாசிரியர், "நீங்க படத்தோட ஆன்மாவையே விட்டுட்டீங்கம்மா" என்றார். விவாதம் வேறு பக்கம் போய்விட்டது.

இறங்கி வரும்போது படிக்கட்டில் ஓர் இளம்பெண் என்னை நிறுத்தினாள். எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை. "எனக்கு மூணு மாசம் பாக்கிக்கா" என்றாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதினோம். கைப்பையிலேயே ஒரு வரைவு வைத்திருந்தாள். 'மாணவிகளின் நலன் கருதி, சேவை மனப்பான்மையுடன்' என்று தொடங்கியிருந்தது. அதை அடித்தோம். சேர்ந்த தேதி, எடுத்த வகுப்புகள், வாரத்துக்கு எத்தனை பீரியட், வரவேண்டிய தொகை என்று வரிசையாக எழுதினாள். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொன்னேன்.